வால்வு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்: பின்னணி இரைச்சலைக் குறைக்கவும் கருவியைப் பராமரிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) கொண்ட ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரைப் புதிதாக வாங்கியவர்களுள் பெரும்பாலோர், பாட்டுக்குப் பின்னால் ஏதேனும் இரைச்சல் கேட்டவுடன் வால்வைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். கையால் கழற்றி மாட்டக்கூடிய பாகம் அது ஒன்றே என்பதால் சந்தேகமும் அதன் மீதே விழுகிறது. நானும் அப்படித்தான் மூன்று சோடி வால்வுகளை மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியபோது ரீங்காரம் நின்றதைக் கண்டேன். ஆகவே இங்கே சொல்லப்படும் வரிசை வெளியிலிருந்து உள்ளே செல்கிறது: ஹெட்ஃபோன், பாட்டு வரும் கருவி, கேபிள், இடம், அதன் பிறகே வால்வு. ஒவ்வொரு படியும் ஒரு காரணத்தை நீக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குச் செல்வதால் வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது.

1. தொடங்கும் முன்

கையில் இருக்க வேண்டியவை சிலவே. நல்ல நிலையில் உள்ள இன்னொரு சோடி ஆர்சிஏ கேபிள் (உள்முனையும் வெளிவளையமும் உள்ள பிளக் கொண்ட ஒலிக் கேபிள்), மின்கலத்தில் இயங்கும் ஒரு கைபேசி அல்லது பிளேயர், அதை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் கேபிள், 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பல்லிடுக்கில் செலுத்தும் சிறு தூரிகை, பஞ்சு பிரியாத துணி, ஒரு குறிப்பேடு. இயலுமானால், சரியாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மாற்று வால்வும் இருக்கட்டும்.

குறிப்பேட்டைப் பலர் ஏளனமாக நினைக்கிறார்கள். ஆனால் ஒரே நேரத்தில் கேபிளையும் மாற்றி, இடத்தையும் மாற்றி, வால்வையும் மாற்றினால், இரைச்சல் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. மறுவாரம் அது திரும்பி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதன் விளைவு, இரண்டையும் எழுதுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். பெரும்பாலான வால்வு ஆம்ப்ளிஃபயர்களுக்குள் 100 முதல் 300 வோல்ட் வரை, சிலவற்றில் அதற்கும் மேலாக, நேர்மின்னழுத்தம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகங்களான கேபாசிட்டர்கள் அதை வெகுநேரம் வைத்திருக்கக்கூடும். இந்த வழிகாட்டியில் உள்ள எந்தப் படிக்கும் பெட்டியின் அடித்தகட்டைத் திறக்கத் தேவையில்லை, திறக்கவும் வேண்டாம்.

2. இரைச்சலின் வகையைக் காதால் பிரித்தறிதல்

ஆம்ப்ளிஃபயரை இயக்கி அரை மணி நேரம் சூடாக விட்ட பிறகே கேட்கத் தொடங்குங்கள். குளிர்ந்த நிலையில் கேட்கும் சிறு சலசலப்புகள் சூடானதும் மறைந்துவிடுவதுண்டு. அவற்றைத் துரத்துவது வீண் வேலை. அணைத்த பிறகும் இயக்கிய உடனும் வால்விலிருந்தே, காற்றில், "டிங் டிங்" என்று மெல்லிய ஓசை வந்தால் அது உள்ளே உள்ள உலோகம் விரிந்து சுருங்கும் ஓசை. அதில் குறையொன்றும் இல்லை.

"உம்ம்" என்று தாழ்ந்த சுருதியில் சீராக வருவது மின்விநியோகத்தின் அதிர்வெண், அதாவது 50 ஹெர்ட்ஸ் (சில நாடுகளில் 60). எர்த் வளையம் (5ஆம் பகுதியில் விளக்கியுள்ளேன்), அருகில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர், ஹீட்டரிலிருந்து (வால்வைச் சூடாக்கும் இழை) கேத்தோடுக்கு (எலக்ட்ரானை உமிழும் மின்வாய்) மின்சாரம் கசியும் வால்வு ஆகியவை இதன் வழக்கமான காரணங்கள். அதைவிடச் சற்றுக் கூர்மையாக, கரகரப்போடு 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் வருவது பெரும்பாலும் நேர்மின்னோட்டமாக மாற்றிய பிறகு எஞ்சி நிற்கும் அலை. மின்வழங்கிப் பகுதியின் கேபாசிட்டர் முதுமை அடைந்தால் இது வளரும்.

"உஸ்ஸ்" என்ற சீரான ஓசை, வால்வும் மின்தடையும் இயல்பாகவே எழுப்புவது. அதை முற்றிலும் ஒழிக்க முடியாது. கேட்காத அளவுக்குக் கீழே தள்ளலாம். "சடசட" என்று ஒழுங்கின்றி வெடிப்பது அழுக்கேறிய பின், தளர்ந்த சாக்கெட், அல்லது வாழ்நாள் முடியும் வால்வு. சுட்டியை நகர்த்தும்போதோ திரையை உருட்டும்போதோ மாறும் கீச்சொலி கணினியின் யுஎஸ்பி வழியாக வருவது. மேசையைத் தட்டினால் மணி அடித்ததுபோல் ஹெட்ஃபோனில் ஒலித்தால், அது வால்வின் உள்ளுறுப்புகள் அதிர்ந்து மைக் போலச் செயல்படுவது.

ஓசை ஹெட்ஃபோனில் இல்லை, பெட்டியிலிருந்தே காற்றில் கேட்கிறது என்றால் அது டிரான்ஸ்ஃபார்மரின் இயந்திர அதிர்வு. அது முற்றிலும் வேறு சிக்கல். கீழே உள்ள படிகளால் அது தீராது.

3. ஹெட்ஃபோன் பொருத்தமானதா என்று பார்த்தல்

இதைத்தான் யாரும் முதலில் பார்ப்பதில்லை. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிவாட்டுக்கு 98 டெசிபல் தரும் 300 ஓம் ஹெட்ஃபோன், ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 103 டெசிபல் தரும். அதில் அந்த இரைச்சல் 23 டெசிபல் அளவில் இருப்பதால் அமைதியான அறையிலும் கேட்காது. ஒரு மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் தரும் 16 ஓம் இயர்ஃபோனோ ஒரு வோல்ட்டுக்கு 128 டெசிபல் தருவதால், அதே இரைச்சல் 48 டெசிபலாக ஒலிக்கும். ஆம்ப்ளிஃபயர் ஒன்றே, வால்வும் ஒன்றே. வேறுபாடு 25 டெசிபல்.

ஆகவே காதுக்குள் செருகும் இயர்ஃபோனில் மட்டும் "உஸ்" கேட்டு, பெரிய ஹெட்ஃபோனில் கேட்கவில்லை என்றால், கருவியில் பழுதில்லை, சோடிதான் பொருந்தவில்லை. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீட்டு மின்தடை மிகுதியாக இருப்பதால், அவற்றுக்குக் குறைந்த ஓம் இயர்ஃபோன்கள் எப்படியும் ஏற்றவை அல்ல.

அந்த இயர்ஃபோனையே பயன்படுத்த வேண்டும் என்றால், இயர்ஃபோனுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே இரண்டு மின்தடைகளால் ஆன, 20 டெசிபல் குறைக்கும் சிறு இணைப்பியை வைக்கலாம். இசையும் இரைச்சலும் சேர்ந்தே குறையும். பிறகு குமிழைத் திருப்பி இசையை மட்டும் மீட்டுக்கொள்ளலாம், குமிழுக்குப் பின்னால் பிறக்கும் இரைச்சல் கீழேயே நின்றுவிடும். தொடராக ஒரே ஒரு மின்தடையை மட்டும் வைக்கும் மலிவான இணைப்பிகள், பல டிரைவர் (ஒலி எழுப்பும் உறுப்பு) கொண்ட இயர்ஃபோன்களின் ஒலித்தன்மையை மாற்றிவிடும் என்பதால் அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

4. வால்யூம் குமிழைக் கொண்டு இடத்தைக் கண்டறிதல்

இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். பாட்டை நிறுத்திவிட்டு, கேபிள்கள் இணைந்தே இருக்க, குமிழைச் சுழியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள்.

இரைச்சல் குமிழோடு சேர்ந்து ஏறினால் அது குமிழுக்கு முன்னால் நுழைகிறது: பாட்டு வரும் கருவி, கேபிள் அல்லது எர்த் வளையம். குமிழைச் சுழியில் வைத்தாலும் மாறாமல் நின்றால் அது குமிழுக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே பிறக்கிறது. வால்வைச் சந்தேகிக்க வேண்டிய நேரம் இதுதான். மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. இரு முனைகளிலும் ஓசை குறைந்து, குமிழின் இடையில் எங்கோ மட்டும் ரீங்காரம் மிகுந்தால், அந்த இடத்தில் குமிழின் மின்தடை உச்சத்தை அடைவதால் (50 கிலோ ஓம் குமிழில் அது 12.5 கிலோ ஓம்) முதல் வால்வின் கிரிட் (ஒலிச் சமிக்ஞை நுழையும் மின்வாய்) சுற்றியுள்ள மின்புலத்தை எளிதில் பிடித்துக்கொள்கிறது என்று பொருள். உள்கம்பியின் உறை எர்த்தோடு சரியாக இணையாததும் இதற்குக் காரணமாகலாம்.

புதியவர்கள் இங்கே தவறும் இடம் ஒன்று உண்டு: கேபிளை முழுவதும் கழற்றிவிட்டு, திறந்த துளையோடு குமிழை உச்சிக்குத் திருப்பி, "ஐயோ, இவ்வளவு ரீங்காரமா" என்று பதறுவது. எதுவும் இணைக்காத துளை வானொலி ஏரியல் போன்றது. அதில் ஓசை வருவது பழுதல்ல. கேபிள் இல்லாமல் சோதிக்க வேண்டுமானால் உள்முனையையும் வெளிவளையத்தையும் இணைத்துவிட்ட ஆர்சிஏ பிளக்கைச் செருகியே சோதிக்க வேண்டும். எந்தக் கேபிளைக் கழற்றுவதற்கு முன்னும் ஹெட்ஃபோனைத் தலையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த நொடியில் எழும் வெடிப்பு காதையும் டிரைவரையும் கெடுக்கும்.

5. எர்த் வளையத்தை உடைத்தல்

இரைச்சல் குமிழோடு ஏறியது என்றால் அடுத்த படி இது. கணினிக்கு ஒரு மூன்று பின் பிளக், ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு மூன்று பின் பிளக். இரண்டும் சுவரின் எர்த்தில் சேர்கின்றன. அதோடு கேபிளின் வெளியுறையும் இரண்டின் உடலையும் இணைக்கிறது. இவ்வாறு ஒரு மூடிய வளையம் உருவாகி, சுற்றியுள்ள காந்தப்புலம் அதில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அது கேபிள் உறையின் மின்தடையில் உண்டாக்கும் சின்னஞ்சிறு மின்னழுத்தம் இசையோடு கலந்து, பெருக்கப்பட்டு, காதுக்கு வருகிறது.

உறுதிசெய்வது எளிது. மின்கலத்தில் இயங்கும் கைபேசியை, சார்ஜர் இல்லாமல், கணினிக்குப் பதிலாக இணையுங்கள். ரீங்காரம் நின்றால் வளையம் உறுதி. மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பார்ப்பதே போதும்.

தீர்வுகளைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினால் வளையம் சிறியதாகி, பல நேரம் அதுவே போதுமானதாகிவிடும். கணினிக்கும் டிஜிட்டல் மாற்றிக்கும் (டிஜிட்டல் ஒலியை மின்னலையாக மாற்றும் கருவி) நடுவே யுஎஸ்பிக்குப் பதில் ஒளியிழைக் கேபிளைப் பயன்படுத்தினால் மின்தொடர்பே அறுந்துவிடுவதால், எர்த் வளையமும் யுஎஸ்பி கீச்சொலியும் ஒரே அடியில் போகும். அதற்கு வழியில்லை என்றால், மாற்றிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் உள்ள ஒலித் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரை வைக்கலாம். மிகச் சிறியதும் மலிவானதும் தாழ்ந்த சுருதிகளைத் தின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை உடைப்பது, அல்லது இரண்டு பின் இணைப்பியில் செருகுவது ஒரு தீர்வே அல்ல. ரீங்காரம் நிற்கும், உண்மைதான். ஆனால் உள்ளே உயர் மின்னழுத்தக் கம்பி ஒன்று பெட்டியைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும், அந்தப் பெட்டியோடு இணைந்த கம்பி உங்கள் தலையில் மாட்டியிருக்கும்.

6. இடமும் கேபிள்களும்

டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் தொலைவு கூடக் கூட வேகமாகக் குறைவதால், ஒரு சாண் தள்ளி வைப்பது விலையுயர்ந்த கேபிளைவிடப் பயன் தரும். வேறு கருவிகளை ஆம்ப்ளிஃபயரின் மேலோ கீழோ அடுக்காதீர்கள். இரைச்சலைக் கேட்டுக்கொண்டே பெட்டியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கோணம் மாறும்போது ஓசை மாறினால் காந்தப்புலம்தான் காரணம்.

மின்கம்பியையும் ஒலிக் கேபிளையும் சேர்த்துக் கட்டி அழகுபடுத்தும் பழக்கத்தை விட வேண்டும். குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும். தேவைக்கு மேல் நீளமான கேபிளைச் சுருட்டி வைப்பதைவிடக் குட்டையான கேபிளை வாங்குவது மேல். கைபேசி, வைஃபை ரௌட்டர், ஒளியைக் குறைக்கும் டிம்மர் விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எஞ்சிய குற்றவாளி அகப்படும்.

7. ஒலி அளவுகளைச் சரியாகப் பங்கிடுதல்

டிஜிட்டல் மாற்றிகளின் வெளியீடு பெரும்பாலும் 2 வோல்ட். மேலே சொன்ன 300 ஓம் ஹெட்ஃபோனில் 90 டெசிபல் ஒலிக்கு ஏறத்தாழ 0.22 வோல்ட் போதும். அதாவது பல நேரங்களில் நமக்குத் தேவைப்படுவது மின்னழுத்தப் பெருக்கமே அல்ல. குமிழில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடியும் பெருக்கி, கூடவே இரைச்சலையும் பெருக்குகிறோம்.

கெயின் (பெருக்கும் அளவு) சுவிட்ச் இருந்தால் தாழ்ந்த நிலையில் வையுங்கள். கணினியின் ஒலி அளவை முழுமையாக வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் குமிழால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். முன்பகுதியின் இரைச்சல் அப்போது இசையோடு சேர்ந்து குறையும். ஆனால் குமிழைச் சற்றே தொட்டாலும் காது கூசும் அளவுக்குக் கெயின் மிகுந்து, குமிழின் தொடக்கத்தில் இடம் வலம் சமமில்லாமல் போனால், கணினியில் 10 டெசிபல் வரை குறைத்துக்கொள்வதில் தவறில்லை.

8. வால்வை இடம் மாற்றிச் சோதித்தல்

மேற்கண்டவை அனைத்தும் முடிந்தும், குமிழைச் சுழியில் வைத்தாலும் இரைச்சல் மாறாமல் நிற்கிறது என்றால் மட்டுமே இங்கே வாருங்கள்.

அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். வால்வின் கண்ணாடி தோலைச் சுடும் என்பது ஒரு காரணம். சூடான கண்ணாடியில் பின்கள் பதிந்த இடம் எளிதில் விரிசல் விடும் என்பது இன்னொன்று. வால்வை உச்சியில் பிடிக்காமல் அடிப்பகுதியில் பிடித்து, மிகச் சிறிய வட்டமாக அசைத்தபடி நேராக மேலே இழுக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்த்து இழுப்பதுதான் ஒன்பது பின் வால்வுகள் உடைவதற்கு முதற்காரணம். எட்டுப் பின் கொண்ட பெரிய வால்வுகளில் அடித்தளத்தைப் பிடிக்க வேண்டும். கண்ணாடியைப் பிடித்து முறுக்கினால் கண்ணாடி தனியாகக் கழன்று வந்துவிடும்.

இரைச்சல் இடப்பக்கம் மட்டும் இருந்தால் இடது, வலது வால்வுகளைத் தங்களுக்குள் மாற்றுங்கள். இரைச்சல் வலப்பக்கம் போனால் வால்வுதான் காரணம். போகாமல் இடத்திலேயே நின்றால் சாக்கெட்டோ உட்சுற்றோ காரணம். புது வால்வு வாங்கியும் பயனில்லை. இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே இரட்டை டிரையோடு வால்வு (ஒரே குழாய்க்குள் இரண்டு பெருக்கிகள் கொண்டது) இருக்கும் கருவிகளில், நல்லதென்று தெரிந்த மாற்று வால்வைப் போட்டே பார்க்க முடியும்.

தட்டினால் ஒலிக்கும் வால்வைக் கண்டுபிடிக்க, பென்சிலின் அழிப்பான் முனையால் ஒவ்வொன்றையும் மிக மெதுவாகத் தொடுங்கள். எல்லா வால்வும் சிறிது ஒலிக்கும். ஒன்று மட்டும் நெடுநேரம் கூவினால் அதுதான். கருவிக்கு அடியில் மென்மையான தாங்கிகளை வைப்பதும், வெப்பம் தாங்கும் சிலிக்கோன் வளையத்தை மாட்டுவதும் ஓரளவு உதவும். சாதாரண ரப்பர் வளையம் உருகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

9. பின், சாக்கெட், குமிழ் ஆகியவற்றைச் சுத்தம் செய்தல்

"சடசட" ஓசைக்குப் புது வால்வு வாங்குமுன் இதைச் செய்யுங்கள். ஆல்கஹாலில் நனைத்த துணியால் பின்களைத் துடைக்கவும். சாக்கெட்டின் துளைகளுக்குள், பிளக் பிடுங்கியிருக்கும்போது மட்டும், உலோகக் கம்பி இல்லாத சிறு தூரிகையை ஆல்கஹாலில் நனைத்து இரண்டு மூன்று முறை செலுத்தவும். முழுவதும் உலர அரை மணி நேரம் கொடுங்கள். கண்ணாடியில் அச்சிட்ட எழுத்தின் மீது ஆல்கஹால் பட்டால் எழுத்து போய்விடும். பிறகு அது என்ன வால்வு என்று உங்களுக்கே தெரியாது.

குமிழைத் திருப்பும்போது மட்டும் சரசரப்புக் கேட்டால், மின்சாரம் இல்லாத நிலையில் இருபது முப்பது முறை முழுமையாகத் திருப்புவதே பெரும்பாலும் போதும். அதன் பிறகும் தொடர்ந்தால், கேபாசிட்டர் ஒன்று கசிந்து குமிழில் நேர்மின்னழுத்தம் ஏறியிருக்கலாம். அது பழுதுபார்ப்பவரின் வேலை.

10. மாற்று வால்வைத் தேர்ந்தெடுத்தல்

ஒன்பது பின் உள்ளவை எல்லாம் ஒன்றல்ல. 12ஏயூ7, 6டிஜே8 என்ற வால்வு வகைகள் இரண்டும் ஒரே சாக்கெட்டில் பொருந்தும். ஆனால் 12ஏயூ7 வால்வில் ஒன்பதாவது பின் ஹீட்டரின் நடுமுனை, 6டிஜே8 வால்வில் அது உள்மறைப்பு. ஹீட்டர் இணைப்பும் இயங்கு மின்னோட்டமும் வேறுபடுவதால், தயாரிப்பாளர் அனுமதித்த பட்டியலில் இல்லாத வால்வைச் செருகக் கூடாது. 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்க எண் ஏறத்தாழ 100, 12ஏயூ7 வால்வுடையது 20க்குள்; இரண்டின் பின் வரிசையும் ஒன்றே என்பதால், தயாரிப்பாளர் ஒப்பும் கருவிகளில் பின்னதுக்கு மாறினால் கெயினும் "உஸ்" ஓசையும் சேர்ந்தே இறங்கும்.

வாங்கும்போது பழைய பெயரைவிட, இரைச்சல் குறைவானது என்று அளந்து தேர்ந்த வால்வா என்பதைக் கேளுங்கள். புது வால்வு முதல் சில மணி நேரம் அவ்வப்போது வெடிக்கும். அதற்குள் தீர்ப்பு வழங்காதீர்கள்.

11. அன்றாடப் பழக்கங்கள்

குமிழைச் சுழியில் வைத்து இயக்குங்கள். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத கருவிகளில் வெளியீட்டுக் கேபாசிட்டர் மின்னூட்டம் பெறும்போது எழும் அடி ஹெட்ஃபோனுக்கு நல்லதல்ல. கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை, இயக்கி ஒரு நிமிடமாவது கழித்து ஹெட்ஃபோனைச் செருகுங்கள். அணைத்தவுடனே மீண்டும் இயக்காமல் சில நிமிடங்கள் விடுங்கள். இரவெல்லாம் எரியவிட்டால் வால்வுக்கு நல்லது என்பது தவறான நம்பிக்கை; எரியும் ஒவ்வொரு மணியும் வாழ்நாளில் கழிகிறது. ஓரிரு மணி நேரம் கேட்கப் போவதில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

மேலேயும் பக்கங்களிலும் காற்றோட்டம் தேவை. தூசியை வாரம் ஒருமுறை, குளிர்ந்த நிலையில், உலர்ந்த தூரிகையால் அகற்றுங்கள். கருவியின் பின்புறம் குறித்துள்ள மின்னழுத்தம் உங்கள் விநியோகத்தோடு பொருந்துகிறதா என்று ஒருமுறை பாருங்கள். 220 வோல்ட் என்று குறித்த கருவியை 240 வோல்ட்டில் ஓட்டினால் ஹீட்டருக்கு ஒன்பது சதவீதம் மிகுதியாகச் சென்று வால்வின் ஆயுள் குறையும்.

கண்ணாலும் பாருங்கள். வால்வின் உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாக மாறினால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. கண்ணாடியின் உட்பரப்பில் ஒட்டியதுபோல் தெரியும் நீல ஒளி தீங்கற்றது. மின்வாய்களுக்கு இடையே ஊதா அல்லது இளஞ்சிவப்பு ஒளி தெரிந்தால் வால்வு கெட்டது. ஹீட்டர் அல்லாமல், வெளியே உள்ள சாம்பல் நிறத் தகடே சிவந்து எரிந்தால் யோசிக்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள்.

12. பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லும் நேரம்

இரு பக்கமும் 100 ஹெர்ட்ஸ் கரகரப்பு மாதக்கணக்கில் மெல்ல வளர்வது, ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போவது, கருகிய வாசனை, வால்வை இடம் மாற்றியும் நகராத இரைச்சல்: இந்த நான்கில் எது இருந்தாலும் உங்கள் பங்கு முடிந்தது. பெரிய மதிப்புள்ள ஃபியூஸைப் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதால், ஒரு கேபாசிட்டரோடு போகவேண்டியது டிரான்ஸ்ஃபார்மரோடு போகும்.

கருவியோடு குறிப்பேட்டையும் கொடுங்கள். எந்தப் பக்கம், எந்தச் சுருதி, குமிழோடு மாறுகிறதா, வால்வோடு நகர்கிறதா, எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது என்ற ஐந்தும் அதில் இருந்தால், அவர் பெட்டியைத் திறக்கும்போதே எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று அறிந்திருப்பார்.